சொல்லுக்கு அடியில் ஒரு சொல்

"அந்த வீடியோவ ரொம்ப நோண்டாதே. சத்தத்தை மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடு, போதும்."

ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார் மாப்பிள்ளை. அவளுக்குக் கணவர். அவள் பிறந்த வீட்டில் அப்பா முதல் தம்பி வரை எல்லோர் வாயிலும் அவர் மாப்பிள்ளைதான். அந்த வீட்டுக்கு ஒரே மகள், ஒரே மாப்பிள்ளை.

"பின்னாடி கேக்கற இரைச்சலை எடுத்தாத்தாங்க சித்தப்பாவுக்குப் புரியும். அவருக்குக் காது மந்தம்" என்றாள்.

"நானே பண்றேன்னுதான் சொன்னேன். உங்கண்ணன் கேட்டாத்தானே? பாம்புச்செவிதான் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நின்னார்." சிரித்தபடி ஃபிளாஸ்கைப் பைக்குள் வைத்தார். "மாமா இன்னிக்காவது வாயத் திறக்கறாரா பாப்போம். சாயங்காலம் அவரை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டா எனக்கு நிம்மதி."

கதவு சாத்திக்கொண்டது. வண்டி கிளம்பிப் போனது.

பாம்புச்செவி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். அடுத்த தெருவில் சைக்கிள் மணி அடித்தால் யாருடைய சைக்கிள் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள். அந்தக் காதுதான் பிழைப்பாகவும் ஆனது. குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பின்னணி இசை போட்டுக் கொடுக்கிறாள். படத்தை வெட்டி ஒட்டுவது மாப்பிள்ளை, சத்தம் முழுக்க இவள். வீட்டின் பின்பக்க அறையில் ஒரே கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. அந்த அறைக்குள் மூன்றாவது ஆள் வருவதே அபூர்வம்.

போன வாரம் அந்த வீடியோ வந்து குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வரி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. தலை வேறு சதா ஆடிக்கொண்டே இருப்பதால், ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று யாருக்கும் புரிவதில்லை. அவரை இத்தனை நாளும் இடுப்பில் சுமக்காத குறையாகப் பார்த்துக்கொண்டவன் தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். போன வாரம் அண்ணன் அப்பாவின் போனைத் துழாவியபோது, நோய் விழுவதற்கு முன்பு அப்பா தன்னைத் தானே எடுத்துக்கொண்ட வீடியோ ஒன்று கிடைத்தது. அதில் அப்பா சொல்கிறார்:

"சின்னவன் கைல இனிமே எதுவும் வாங்கிக்க மாட்டேன். சின்னவன் வீட்டுக்குள்ள வந்தாலே எனக்குப் பயமா இருக்கு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இதைப் பாருங்க."

அவ்வளவுதான். தம்பி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் லிஃப்ட் ரிப்பேர் பட்டறையிலேயே போய்ப் படுத்துக்கொண்டான். அண்ணன் குடும்பத்தோடு வந்து அப்பா வீட்டில் உட்கார்ந்தான். அப்பாவுக்கு ஊட்டுகிற பொறுப்பை மாப்பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் சூப் வைக்கக் கற்றுக்கொண்டதைப் பார்த்து ஊரே மெச்சியது. "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று சித்தப்பா போனில் அழுதார். அவரே ஊட்டட்டும் என்று முதலில் சொன்னவள் நம் பாம்புச்செவிதான்.

அப்பாதான் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூன் பக்கத்தில் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டார். நோயின் பிடிவாதம் என்று சொல்லி டாக்டர் தினமும் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போனார். மூக்கு வழியாக டியூப் போட வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

இன்று சாயங்காலம் சித்தப்பா முன்னால் எல்லோரும் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். முடிவு ஏற்கனவே ஆகிவிட்ட மாதிரிதான். அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவார். தம்பி அவர் கண்ணிலேயே படக் கூடாது.

அவள் வீடியோவை இழுத்துச் சாஃப்ட்வேருக்குள் போட்டாள். பாட்டுக்கு மெட்டு அடுக்குகிற அதே சாஃப்ட்வேர்தான். படம் மேலே சின்ன ஜன்னலில் போய் உட்கார்ந்தது. படத்தோடு வந்த சத்தம் தனியாகப் பிரிந்து, கீழே ஒரு தடமாக, நீளமான ரிப்பன் போல விழுந்தது. ரிப்பன் நெடுக மேடும் பள்ளமுமாக அப்பாவின் குரல்.

பேச்சில்லாத இடங்களில் ஃபேன் கரகரவென்று ஓடியது. அப்பா வீட்டு ஹால் ஃபேன். அதை முதலில் குறைக்கலாம் என்று ஹெட்போனை மாட்டினாள்.

"சின்னவன் கைல இனிமே எதுவும்..."

நிறுத்தினாள். அந்த முதல் சொல் வந்தபோது ஃபேன் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறு ஒரு சத்தம், 'ம்ம்ம்' என்று. மறுபடி ஓட்டினாள். சொல் முடிந்ததும் ஃபேன் திரும்பி வந்தது.

வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

அந்த 'ம்ம்ம்' அவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? நாளெல்லாம் அதோடுதான் குடித்தனம். ஹெட்போனைக் கழற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய ஏசி, 'ம்ம்ம்' என்று அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வீட்டு ஹாலில் ஏசியே கிடையாது.

"என்ன கண்றாவி இது?" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இரண்டாவது 'சின்னவன்' இருந்த இடத்துக்குப் போனாள். அங்கேயும் ஃபேன் ஒதுங்கியது, ஏசி வந்தது. இரண்டு சொற்களையும் நறுக்கி ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பெரிதாக்கினாள்.

இரட்டைப் பிள்ளைகள். மேடு, பள்ளம், தொடக்கத்தில் வரும் சின்ன மூச்சு, எல்லாம் அச்சு அசல் ஒன்றே. ஒரு மனிதன் தன் பெயரையே இரண்டு தடவை சொன்னாலும் இரண்டும் ஒரே மாதிரி விழாது. ஒன்றில் மூச்சு கூடும், ஒன்றில் அவசரம் இருக்கும். இது ஒரே தடவை சொன்ன சொல். இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறது.

படத்தை ஓட்டிப் பார்த்தாள். முதல் இடத்தில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இரண்டாவது இடத்தில் துண்டால் வாயைத் துடைக்கிறார். இரண்டிலும் உதடு தெரியவில்லை. துக்கத்தில் முகத்தைத் திருப்புகிறார் என்று சொல்லி அண்ணன் அழுததுகூட அந்த இடத்தைப் பார்த்துத்தான்.



அப்பா இந்த அறையில் உட்கார்ந்து பேசியது ஒரே ஒரு நாள். குழந்தைகளுக்கான கதை ஒன்றுக்குக் கனத்த குரல் வேண்டும் என்று போன வருஷம் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தாள். பஸ் டெப்போவில் காலமெல்லாம் அறிவிப்பு செய்த குரல் அது. நடுவில் அப்பா அரட்டை அடித்தபோதும் அவள் பதிவை நிறுத்தவில்லை. அந்த ஃபோல்டரைத் தேடித் திறந்தாள். இருமல். கதை. சிரிப்பு. டீ உறிஞ்சும் சத்தம். அப்புறம்:

"நான் போனப்புறம் என் கைக்கடிகாரத்த யாரும் எடுக்காதீங்கம்மா. சின்னவன்கிட்ட குடுத்துடு. அவன்தான் பத்திரமா வெச்சுப்பான்."

அத்தனை பிரியமாகச் சொன்ன சொல்லைப் பிய்த்துக்கொண்டு போய் அவன் கழுத்திலேயே கத்தியாக வைத்திருக்கிறார்கள்.

நிச்சயம் செய்துகொள்ள ஒரு வழி இருந்தது. ஒரே சத்தத்தின் இரண்டு பிரதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றை மட்டும் மேடு பள்ளமாகும்படி தலைகீழாகப் புரட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். வலக்கை போட்ட முடிச்சை இடக்கை அவிழ்க்கிற மாதிரி. வேறு வேறு சத்தமாக இருந்தால் தின்னாது, இரைச்சல்தான் மிஞ்சும்.

வீடியோவின் 'சின்னவன்' மேலே. கைக்கடிகாரச் 'சின்னவன்' கீழே. நுனியோடு நுனி சரியாகப் பொருத்தினாள். கீழே உள்ளதைப் புரட்டினாள். அளவைக் கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து...

சொல் காணாமல் போனது. ஏசியும் கூடவே போனது.

ஆனால் முழு அமைதி வரவில்லை. ஃபேன் ஓடியது, மெல்லியதாக. அந்த ஃபேனோடு யாரோ பேசினார்கள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது.

ஒட்டியவர் பழையதை வெட்டி எடுக்கவில்லை. சத்தத்தைக் குறைத்து அமுக்கி வைத்து, மேலே புதியதைப் போட்டிருக்கிறார். வெட்டினால் பின்னால் ஓடும் ஃபேன் சத்தத்திலும் ஓட்டை விழும், கேட்பவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். "வெட்டாதீங்க, அமுக்குங்க" என்பது இந்த அறையின் பாடம். அதைச் சொல்லிக் கொடுத்தவள் அவள். கற்றுக்கொண்டவர் ஒரே ஒருவர்தான்.

மிச்சமிருந்த சத்தத்தைப் பெரிதாக்கினாள். கரகரப்புக்கு நடுவில் அப்பாவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி:

"மாப்பிள்ளை."

இரண்டாவது இடத்திலும் அதே வேலையைச் செய்தாள். அங்கேயும் அதேதான். இந்த முறை குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, பயந்தவர் குரல்.

மாப்பிள்ளை கைல இனிமே எதுவும் வாங்கிக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வந்தாலே எனக்குப் பயமா இருக்கு.

அப்பாவின் போனுக்குப் பேட்டரி மாற்றித் தருகிறேன் என்று மாப்பிள்ளை எடுத்துப் போய் வைத்திருந்தது இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. அப்பா பல்லைக் கடித்தது எதற்காக என்பதும் கூடவே புரிந்தது. பேச வாயில்லாத மனுஷன் மூடிய வாயாலேயே இந்த ஒரு வாரமும் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு ஊட்ட ஆளை அனுப்பி வைத்தவள் பெற்ற மகள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அவர் அங்க வந்துட்டாரா?"

"வந்து அரை மணி ஆச்சு. சூப்போட மல்லுக்கட்டிட்டிருக்கார் பாவம். ஏன்?"

"அப்பா குடிச்சாரா?"

"எங்க? கிட்டி போட்ட மாதிரி பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

"குடிக்க வெக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் எதுவும் குடுக்க வேண்டாம். டாக்டர் என்கிட்ட சொன்னார்" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாள். வேறு எதைச் சொல்லியும் அண்ணன் கேட்டிருக்க மாட்டான்.

ஒட்டியதைக் கரைத்து எடுத்த சத்தத்தைப் படத்தோடு சேர்த்து ஒரு பென் டிரைவில் ஏற்றினாள். போனிலும் ஒரு பிரதி போட்டுக்கொண்டாள். அறையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் கிளம்பினாள்.

பட்டறையில் தம்பி லிஃப்ட் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். பெஞ்சுக்கு அடியில் துணிப்பை. முகத்தில் தாடி.

"என்ன பாம்பு, இந்தப் பக்கம்? அப்பாவுக்கு இனிமே என் கையால எதுவும் குடுக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போலாம்னு வந்தியா?"

"வாய மூடிட்டு இதைக் கேளு."

"கேட்டாச்சு. அதான் பூரா ஊரும் கேட்டாச்சே. ராத்திரி படுத்தா காதுல அதான் ஓடுது."

ஹெட்போனை அவளே அவன் தலையில் மாட்டினாள். அவன் கேட்டான். முகம் கோணியது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். மறுபடி போடச் சொல்லி விரலால் சைகை செய்தான். மூன்றாவது தடவை கேட்டபோது தோள் குலுங்கியது.

"அப்ப அப்பா என்னைச் சொல்லலையாக்கா?"

"இல்லடா."

"என்னைச் சொல்லவே இல்லையா?"

"உன்னைச் சொல்லவே இல்லடா தம்பி. நானும் நம்பிட்டேன். ஒரு வாரமா உனக்கு ஒரு போன்கூடப் பண்ணலை நான்."

அவன் எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்தான். துடைத்த இடமெல்லாம் கறுப்பு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தவன், திடீரென்று கேட்டான்: "அப்ப மாப்பிள்ளை கொண்டு வர்ற சூப்பு?"

இருவரும் ஓடினார்கள்.

அப்பா வீட்டு ஹாலில் கூட்டம் கூடியாகிவிட்டது. சித்தப்பா டிவிக்கு நேர் எதிரே, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு. அப்பா சக்கர நாற்காலியில். பக்கத்து ஸ்டூலில் ஃபிளாஸ்க், கிண்ணம், ஸ்பூன். அவற்றுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. தம்பி வாசற்படியைத் தாண்டவில்லை.

"இவன் எதுக்கு வந்தான்?" என்றான் அண்ணன்.

"நான் கூட்டிட்டு வந்தேன். கேட்டுட்டுப் போகட்டும்."

மாப்பிள்ளை எழுந்து கையை நீட்டினார். "குடு, நான் டிவில மாட்டறேன்."

"நானே மாட்டறேன்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். சிரிப்பு மாறவில்லை. உட்கார்ந்துகொண்டார்.

சத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்தாள். திரையில் அப்பா வந்தார், பேச்சு இருந்த காலத்து அப்பா. ஃபேன் கரகரத்தது. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை கைல இனிமே எதுவும் வாங்கிக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வந்தாலே எனக்குப் பயமா இருக்கு."

காது மந்தமான சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளையா? மாப்பிள்ளைன்னா அண்ணன் சொல்றார்? நீங்க வேற மாதிரியில்ல சொன்னீங்க!"

"அப்பா நெஜமாச் சொன்னது இதுதான் சித்தப்பா. இதுக்கு மேல யாரோ சின்னவன்ங்கற சொல்லை ஒட்டியிருக்காங்க. என் ரூம்ல போன வருஷம் அப்பா பேசினதுலேர்ந்து எடுத்து." சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு இடத்துலயும் ஒரே சொல். அதுக்குப் பின்னாடி எங்க வீட்டு ஏசி சத்தம் கேக்குது. அப்பா போன் பேட்டரி மாத்தப் போனப்போ யார்கிட்ட இருந்துச்சுன்னு கேளுங்க."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

அவர் பதறவில்லை. பதறியிருந்தால் அவளுக்கு அத்தனை பயம் வந்திருக்காது. தோளில் இருந்த துண்டை எடுத்து மெதுவாக மடித்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லட்டுமா? உங்க தங்கச்சி சத்தக்காரி. நாய் குரைக்கறதை அழுகையா மாத்துவா. யார் வாயில வேணும்னாலும் எதை வேணும்னாலும் வெப்பா. அதுக்குத்தான் அவளுக்கு ஊர்ல பேரு. தம்பி மேல உசிரு. அவனைக் காப்பாத்தப் புருஷனைப் பலி குடுக்கறா. எனக்குக் கோவம் இல்ல. பாவம்னுதான் இருக்கு."

"பொய்!" என்றாள். அவள் குரல் கீச்சென்று போனது அவளுக்கே பிடிக்கவில்லை. "வாங்க, ரூமுக்கு வாங்க, ஒட்டினதை எப்படிக் கரைச்சேன்னு காட்டறேன்."

அண்ணன் நெற்றியைத் தேய்த்தான். கெட்டவன் இல்லை அவன். குழம்பிப் போனவன். "எனக்கு அதெல்லாம் புரியாதும்மா. அந்த வீடியோவும் உங்க ரூம்லேர்ந்து வந்திருக்கலாம்ங்கற. இந்த வீடியோவும் உங்க ரூம்லேர்ந்துதான் வருது. நான் எதை நம்பறது? சொல்லு, எதை நம்பறது?"

இத்தனை வருஷமாக எது நிஜம், எது சேர்த்தது என்று யாருக்கும் தெரியாமல் செய்வதைத்தான் தொழிலாக வைத்திருந்தாள். பாராட்டு வாங்கினாள். இன்று அதே திறமை முகத்தில் கரியைப் பூசியது.

"சித்தப்பா, நேரமாகுது" என்றார் மாப்பிள்ளை தணிவாக. "மாமாவை அழைச்சிட்டுக் கிளம்பறேன். மத்ததைப் பொறுமையாப் பேசிக்கலாம்." நாற்காலியின் பின்பக்கம் போய்ப் பிடியில் கையை வைத்தார்.

அப்பாவுக்கு அப்போது இருமல் வந்தது. வறண்ட இருமல். நாள்கணக்காகச் சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டை. இருமி இருமி முகம் சிவந்து கண் பிதுங்கியது. "தண்ணி, தண்ணி" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். மாப்பிள்ளை கிண்ணத்தை எடுத்து நீட்டினார். அந்த இருமலிலும் அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார்.

வாசலில் நின்ற தம்பிக்கு எதுவும் ஞாபகம் இல்லை போலிருக்கிறது. வராதே என்று சொன்னது, வீடியோ, வைராக்கியம் ஒன்றுமே. உள்ளே பாய்ந்தான். ஹால் மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டான். சமையலறையிலிருந்து அண்ணி எடுத்து வந்த ஸ்பூனைப் பிடுங்கினான். முட்டி போட்டு, இடது கையால் அப்பாவின் பிடரியைத் தாங்கி, தலையைக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்து, "ப்பா, மெதுவா. நான்தான்பா" என்றான்.

எண்ணெயும் கரியுமாக இருந்த அந்தக் கையிலிருந்து, அப்பா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

ஒரு ஸ்பூன். இன்னொன்று. மூன்றாவதற்குக் குழந்தை மாதிரி வாயை முன்னால் நீட்டினார். அசையக்கூடிய இடது கை மெல்ல உயர்ந்து தம்பியின் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டது.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். அண்ணன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, "டேய் சின்னவனே, என்னை மன்னிச்சிடுடா" என்று வாய்விட்டு அழுதான். அண்ணி அழுதாள். நம் பாம்புச்செவியும் அழுதாள், சிரித்தாள், அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். எதை நம்புவது என்று இனி யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு அப்பா எங்கேயும் போக வேண்டியதில்லை.

அழுகைக்கு நடுவில் ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் கொட்டும் சத்தம். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை.

தலையைத் தூக்கினாள். நாற்காலிக்குப் பின்னால் மாப்பிள்ளை இல்லை. ஸ்டூல் மேல் ஃபிளாஸ்க் இல்லை. கிண்ணமும் ஸ்பூனும்கூட இல்லை.

சமையலறைக்கு ஓடினாள். ஃபிளாஸ்க் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. கிண்ணம் பளபளவென்று. தொட்டியில் ஒரு சொட்டு சூப் இல்லை. மாப்பிள்ளை குழாயை மூடிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கழுவினீங்க?"

"மாமா குடிக்கலையே. வெச்சிருந்தா கெட்டுப் போயிடும்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"சூப்பு" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார். பின்பக்கக் கதவைத் திறந்தார். "நீ இங்கயே இரு. அப்பாவை நல்லாப் பாத்துக்கோ. நான் வீட்டுக்குப் போய் நம்ம ரூமையும் சுத்தம் பண்ணிடறேன். பழைய ஃபைலெல்லாம் ஏகப்பட்டது அடைஞ்சு கிடக்கு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்."

பென் டிரைவிலும் போனிலும் இருப்பது ஒரு குட்டி வீடியோ மட்டும்தான். கைக்கடிகாரப் பேச்சு, கதை, இருமல், சிரிப்பு எல்லாம் அவள் பூட்டாமல் விட்டு வந்த அந்த அறையில், அந்தக் கம்ப்யூட்டரில். வேறெங்கும் ஒரு பிரதி இல்லை.

அவள் வாசலுக்கு ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனையைத் திரும்பிவிட்டது. உள்ளே அப்பா இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இனி ஒரு சொல்லும் பேச முடியாத அந்த மனிதரின் குரல் என்று, அந்தக் குட்டி வீடியோ போக, மிச்சமிருந்ததெல்லாம், மாப்பிள்ளை போய்ச் சேரப்போகிற அந்த அறையில்தான் இருந்தது.